வடக்கே தாழும் ஆறுகள்: சைபீரிய ஆற்றுவழிச் சொற்களும் தமிழாக்கமும்

1. முன்னுரை

ஆற்றையும் வழியையும் குறிக்கும் சொற்கள் எந்த மொழியிலும் எளியனவாகவே தோன்றும். மேல், கீழ், இடம், வலம், கரை, முகம் போன்ற சொற்களைப் பெயர்க்க அகராதியின் துணை வேண்டுவதில்லை என மொழிபெயர்ப்பாளர் பலரும் கருதுவர். ஆயின் இச்சொற்களின் பொருள் அவை வழங்கும் நிலத்தின் சாய்வோடு பிணைந்தது. ஒரு நிலத்தின் சாய்வில் உருவான சொல்லை வேறு சாய்வுடைய நிலத்திற்குப் பொருத்தும்போது சொல் சரியாக இருப்பினும் பொருள் திசைமாறி விடுகிறது. சைபீரியாவின் ஆறுகளையும் அவற்றின் வழியமைந்த பயணப் பாதைகளையும் பற்றிய நூல்களைத் தமிழாக்கும்போது இச்சிக்கல் தெளிவாக வெளிப்படுகிறது. அதன் தன்மையையும் அதற்குத் தமிழிலேயே உள்ள தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. நிலமும் ஆறுகளும்

சைபீரியாவின் பேராறுகள் மூன்று. மேற்கே ஓப், நடுவே யெனிசெய், கிழக்கே லேனா. மூன்றும் தெற்கிலுள்ள மலைப்பகுதிகளில் தோன்றி, வடக்கு நோக்கி ஓடி, ஆர்க்டிக் பெருங்கடலின் பகுதிகளில் கலக்கின்றன. இர்த்திஷ் என்னும் கிளையாற்றோடு சேர்த்து அளந்தால் ஓப் ஆற்றின் நீளம் 5,400 கி.மீ. அளவினது; லேனாவின் நீளம் 4,200 கி.மீட்டருக்கு மேற்பட்டது.

ஆறுகள் தெற்கு வடக்காக ஓட, மக்கள் செல்ல விரும்பிய திசையோ மேற்கு கிழக்காக இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூரல் மலையைக் கடந்த உருசியர் அடர்காட்டிலும் சதுப்பிலும் சாலை அமைக்க இயலாத நிலையில் கிளையாறுகளைப் பயன்படுத்தினர். பேராறுகளின் கிளைகள் பல கிழக்கு மேற்காகக் கிடப்பவை. ஒரு பேராற்றின் கிளையில் ஏறி, அதன் தலைப்பகுதியில் கரையிறங்கி, சிறிது தொலைவு நிலத்தில் கடந்து, அடுத்த பேராற்றின் கிளையில் இறங்குவதே அவர்தம் வழிமுறையாயிற்று. இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட அந்நிலப்பகுதியை உருசிய மொழி 'வோலொக்' என்று வழங்கும்.

3. தொபோல்ஸ்க் முதல் யாக்கூத்ஸ்க் வரை

இவ்வழிமுறைக்குச் சிறந்த சான்று, 17ஆம் நூற்றாண்டில் தொபோல்ஸ்க் நகரிலிருந்து யாக்கூத்ஸ்க் நகருக்குச் சென்ற வழியாகும். தொபோல்ஸ்க் 1587இல் நிறுவப்பட்டது. அங்கிருந்து புறப்பட்டோர் இர்த்திஷ் ஆற்றின் ஓட்டத்தோடு வடக்கே சென்று ஓப் ஆற்றை அடைந்தனர். பின்னர் ஓப் ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்துத் தென்கிழக்காகச் சென்று கெத் என்னும் கிளையாற்றில் திரும்பி, அதன் ஓட்டத்தையும் எதிர்த்துக் கிழக்கே ஏறினர். அவ்வாற்றின் கரையில் 1618இல் மாகொவ்ஸ்க் கோட்டை எழுந்தது. அங்கிருந்து நிலவழியாகக் கடந்தால் யெனிசெய் ஆற்றங்கரையில் 1619இல் அமைந்த யெனிசெய்ஸ்க் நகரை அடையலாம்.

வழி அதன்பின்னும் ஏறியும் இறங்கியும் தொடர்ந்தது. யெனிசெய்யில் சிறிது தொலைவு எதிரேறி அங்காராவிலும், அங்காராவில் எதிரேறி இலிம் ஆற்றிலும் புகுந்து, 1630இல் தோன்றிய இலிம்ஸ்க் என்னும் குடியிருப்பை அடைந்தனர். அங்கிருந்து மற்றொரு வோலொக்கைக் கடந்து கூத்தா ஆற்றில் இறங்கினால், அது லேனாவில் கலக்கும் ஊஸ்த்-கூத் வரும். அதன்பின் லேனாவின் ஓட்டமே வடகிழக்கே 1632இல் நிறுவப்பட்ட யாக்கூத்ஸ்க் வரை கொண்டு சேர்க்கும். பழைய இலிம்ஸ்க் 1970களில் நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. எனினும் அவ்வழியின் சொற்கள் வரைபடங்களில் நிலைத்துள்ளன. கீழ்த் துங்குஸ்காவிலிருந்து லேனாவுக்குக் கடக்கும் இடத்தருகே உள்ள பொத்வோலோஷினோ என்னும் ஊரின் பெயரில் வோலொக் என்ற சொல்லே பொதிந்துள்ளது.

இவ்வழியைப் பற்றிய குறிப்புகளில் 'மேலே சென்றனர்', 'கீழே சென்றனர்' என்னும் தொடர்கள் மீண்டும் மீண்டும் வருவது இயல்பே. பயணி கருதியது ஓட்டத்தையே, திசையை அன்று. ஓப் ஆற்றில் 'மேலே' சென்றவன் தென்கிழக்கே சென்றான். கெத் ஆற்றில் 'மேலே' சென்றவன் கிழக்கே சென்றான். லேனாவில் 'கீழே' சென்றவன் வடகிழக்கே சென்றான். ஒரே பயணத்தில் ஒரே சொல் பல திசைகளைச் சுட்டுகிறது.

4. தமிழில் மேலும் கீழும்

தமிழில் நிலைமை வேறு. கிழக்கு என்பது கீழ் என்னும் அடியிலிருந்தும் மேற்கு என்பது மேல் என்னும் அடியிலிருந்தும் தோன்றியவை. தமிழகத்தின் நிலம் மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்வதே இதற்குக் காரணம் எனப் பெரும்பாலும் விளக்குவர். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இச்சொற்களைத் தம் வாதத்திற்குச் சான்றாகக் கொண்டார். கேரளத்தில் நிலம் கிழக்கே உயர்ந்து மேற்கே தாழ்கிறது. ஆயினும் மலையாளமும் ஞாயிறு எழும் திசையைக் கிழக்கு என்றே வழங்குகிறது. மலைக்குக் கிழக்கே வாழ்ந்தோரின் வழக்கே அங்குச் சென்றிருத்தல் வேண்டும் என்பது அவர் முடிவு. மேற்றிசைக்கு மலையாளத்தில் பெருவழக்காக உள்ள படிஞ்ஞாறு என்பது ஞாயிறு படுவதை அடிப்படையாகக் கொண்ட சொல்லாகும்.

இதனால் தமிழில் மேல், கீழ் என்னும் சொற்கள் இரட்டைப் பணி செய்கின்றன. மதுரையின் மேலமாசி வீதி மேற்கிலுள்ளது. கீழமாசி வீதி கிழக்கிலுள்ளது. கீழைச் சாளுக்கியர், மேலை நாடு, கீழைக்காற்று ஆகிய தொடர்களில் உயரம் பற்றிய பொருள் சிறிதும் இல்லை. மறுபுறம், மேலணை, கீழணை, மேல்பவானி, கீழ்பவானி ஆகியவற்றில் நீரோட்டத்தின் மேல்பகுதியும் கீழ்பகுதியும் குறிக்கப்படுகின்றன. கொள்ளிடத்தின் மேலணை மேற்கிலும் கீழணை கிழக்கிலும் இருப்பதால் இங்கு இரு பொருளும் ஒன்றியே நிற்கின்றன. தமிழகப் பேராறுகள் பெரும்பாலும் கிழக்கு நோக்கி ஓடுவதால் இவ்விரு பொருள்களையும் பிரித்துணர வேண்டிய தேவை தமிழ் பேசுவோர்க்கு அரிதாகவே நேர்ந்தது. மேட்டூர் முதல் பவானி வரை காவிரி தெற்கு நோக்கி ஓடுவது போன்ற இடங்கள் உண்டு. குமரி மாவட்டத்தில் குழித்துறை ஆறு மேற்குக் கடலில் கலக்கிறது. ஆயினும் அவை பொதுவழக்கை மாற்றவில்லை.

தமிழ்ப் படிப்பாளர் இவ்வழக்கோடு வடக்கு மேலே அமைந்த இக்கால வரைபடத்தையும் மனத்தில் கொண்டவர். எனவே 'மேல்' என்ற சொல்லைக் காணும்போது அவர்க்கு மூன்று பொருள்கள் தோன்றக்கூடும். ஆற்றின் தோற்றப் பகுதி, மேற்குத் திசை, வரைபடத்தின் மேற்புறமாகிய வடக்கு என்பனவே அவை. சைபீரியாவில் இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஆற்றின் மேல்பகுதி அங்குத் தெற்கில் உள்ளது.

5. பெயர்களில் எழும் மயக்கம்

துங்குஸ்கா என்னும் பெயர் தமிழ் அறிவியல் கட்டுரைகளில் நன்கு அறிமுகமானது. 1908 ஜூன் 30ஆம் நாள் வானில் நிகழ்ந்த பெருவெடிப்பின் வழியாக அது பரவியது. ஆயின் யெனிசெய்யின் வலப்புறத்தில் வந்து கலக்கும் துங்குஸ்காக்கள் ஒன்றல்ல, மூன்று. வடகோடியில் கலப்பது நீழ்னியா, அதாவது 'கீழ்' துங்குஸ்கா. நடுவில் கலப்பது பொத்காமென்னயா, அதாவது 'கல்லடித்' துங்குஸ்கா. 1908ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதன் வடிநிலத்தைச் சார்ந்தது. தென்கோடியில் கலப்பது வெர்ஹ்னியா, அதாவது 'மேல்' துங்குஸ்கா. இம்மூன்றாவது, இலிம் கலக்கும் இடத்திற்குப் பிற்பட்ட அங்காரா ஆற்றின் பழைய பெயராகும்.

முதலாவதைக் 'கீழைத் துங்குஸ்கா' எனப் பெயர்த்தால் கிழக்கிலுள்ள துங்குஸ்கா எனப் பொருள்படும். அவ்வாறு இரண்டும் ஒன்றுக்கொன்று கிழக்கு மேற்காக அமையவில்லை. 'துங்குஸ்காவின் கீழ்ப்பகுதி' எனப் பெயர்த்தால் ஒரே ஆற்றின் ஒரு பகுதி எனப் பொருள்படும். அதுவும் பிழையே. இப்பெயரில் வரும் 'கீழ்' துங்குஸ்காவின் ஓட்டத்தைச் சுட்டவில்லை. யெனிசெய்யின் ஓட்டத்தைச் சுட்டுகிறது. யெனிசெய்யில் இறங்கிவரும் பயணி இறுதியில் காணும் துங்குஸ்கா என்பதே அதன் பொருள். அங்காராவின் கடைப்பகுதி 'மேல்' துங்குஸ்கா எனப் பெயர் பெற்றதும் இக்காரணத்தாலேயே.

கொலிமா ஆற்றின் மூன்று ஊர்ப் பெயர்கள் வேறு வகையின. வெர்ஹ்னெகொலிம்ஸ்க், ஸ்ரெத்னெகொலிம்ஸ்க், நீழ்னெகொலிம்ஸ்க் என்பன முறையே கொலிமாவின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளில் உள்ளவை. இங்கு அடைமொழி அதே ஆற்றின் ஓட்டத்தைக் குறிக்கிறது. கடலுக்கு அணித்தாய் வடக்கே இருப்பது 'கீழ்' ஊரே.

மூன்றாம் வகை மேலும் கருதத்தக்கது. வெர்ஹ்னெஊதின்ஸ்க், நீழ்னெஊதின்ஸ்க் ஆகிய இரு நகரங்களும் ஊதா ஆற்றின் பெயரால் அமைந்தவை. ஆயின் அவை இரண்டும் ஒரே ஆற்றின் மேலும் கீழும் அமைந்தவை அல்ல. ஊதா என்னும் பெயருடைய இருவேறு ஆறுகள் உள்ளன. ஒன்று பைக்கால் ஏரிக்கு அப்பால் செலெங்காவில் கலப்பது; மற்றது ஏரிக்கு மேற்கே வேறொரு வடிநிலத்தில் ஓடுவது. வெர்ஹ்னெஊதின்ஸ்க் 1934இல் உலான்-ஊதே எனப் பெயர் மாறியதால் பிற்காலப் படிப்பாளர்க்கு இம்முரணும் மறைந்துவிட்டது. பழைய பயண நூலைத் தமிழாக்குவோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

ஆக, ஒரே அடைமொழி ஒரே ஆற்றின் பகுதியையும், ஒரு பேராற்றில் கலக்கும் கிளைகளின் வரிசையையும், பெயரொத்த இரு ஊர்களிடையே வேறுபாட்டையும் குறிக்கக் காணலாம். எகிப்தின் தென்பகுதி மேல் எகிப்து எனப்படுவது நைல் வடக்கே ஓடுவதால் என்று பள்ளியிலேயே கற்கிறோம். சைபீரியப் பெயர்களுக்கு அத்தகைய விளக்கம் தமிழ்ப் படிப்பாளர்க்குக் கிடைப்பதில்லை.

6. திசைமாற்றத்தின் விளைவு

இம்மயக்கம் பெயரளவில் நின்றுவிடுவதில்லை. சைபீரிய ஆறுகள் ஆண்டின் பாதிக்கு மேற்பட்ட காலம் உறைந்திருப்பவை. உறைந்த ஆறே குளிர்காலத்தில் சறுக்குவண்டிக்கும் பிற்காலத்தில் சரக்குந்துக்கும் சாலையாகிறது. இத்தகைய பனிக்கட்டிச் சாலை 'சீம்னிக்' எனப்படும். குளிர்காலம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து அமைந்தது இது. 'ஆற்றின் வழியே சென்றான்' என்று மூலத்தில் வந்தால், எந்த மாதம் என்பதை நோக்கிய பின்னரே படகா சறுக்குவண்டியா என முடிவு செய்ய இயலும். பனி உருகும்போதும் மழைக்காலத்திலும் சேறு மிகுந்து வழி அற்றுப்போகும் பருவத்திற்கு 'ரஸ்பூத்தித்ஸா' என்று பெயர். வழி என்னும் பொருளுடைய 'பூத்' என்ற அடி இச்சொல்லில் உள்ளது. இதனை 'வழியறு பருவம்' எனத் தமிழாக்கலாம்.

வேனிலின் தொடக்கத்தில் தெற்கிலுள்ள மேல்பகுதியில் வெப்பம் முதலில் ஏறுகிறது. அங்குப் பனிக்கட்டி உடைந்து நீரோடு கீழே வருகிறது. வடக்கிலுள்ள கீழ்ப்பகுதி அப்போதும் உறைந்தே இருக்கிறது. மிதந்து வரும் பனிக்கட்டிகள் அங்குத் தடைப்பட்டு அணைபோல் அடைத்துக்கொள்ள, நீர் பின்னேறி ஊர்களில் புகுகிறது. 2001 மே மாதத்தில் லேனா ஆற்றங்கரையிலுள்ள லென்ஸ்க் நகரம் இவ்வகை வெள்ளத்தால் பேரழிவுக்குள்ளாகிப் பின்னர் மீளக் கட்டப்பட்டது.

இச்செய்தியைத் தமிழாக்குவோர் 'மேல்பகுதியில் பனி முதலில் உருகிற்று' என்று மட்டும் எழுதினால், வரைபடப் பழக்கமுடைய படிப்பாளர் வடக்கில் உருகிற்று எனக் கொள்வார். 'மேலைப் பகுதியில்' என எழுதினால் மேற்கு எனக் கொள்வார். இரண்டிலும் காரணகாரியத் தொடர்பு அறுந்துபோகிறது. குளிர்மிகுந்த வடக்கில் பனி ஏன் முதலில் உருக வேண்டும் என்ற வினா எழும். அல்லது வினாவே எழாமல் பொருளற்ற வாக்கியம் ஒன்று கடந்து செல்லும். சொல்லுக்குச் சொல் சரியான ஒரு மொழிபெயர்ப்பில் வெள்ளத்தின் காரணம் காணாமற்போகிறது.

7. கரைகளின் பெயர்

கரைகளைக் குறிப்பதிலும் இரு மரபுகள் உள்ளன. உருசிய மொழி ஓட்டத்தின் முகமாக நின்று இடக்கரை, வலக்கரை என்று பெயரிடும். தமிழ் மரபோ திசைகொண்டு பெயரிடுவது. தேவாரத் தலங்களைக் காவிரி வடகரைத் தலங்கள் 63 எனவும் தென்கரைத் தலங்கள் 127 எனவும் வகுத்த மரபு அனைவரும் அறிந்ததே. கிழக்கு நோக்கி ஓடும் காவிரிக்கு இடக்கரை வடகரையாகும். வடக்கு நோக்கி ஓடும் யெனிசெய்க்கும் லேனாவுக்கும் இடக்கரை மேற்குக் கரையாகும்.

தமிழ் மரபைப் பின்பற்றி இதனை 'மேல்கரை' என எழுதினால் புதிய இடர் தோன்றும். யெனிசெய்யின் மேற்கே மேற்குச் சைபீரியத் தாழ்நிலம் பரந்துள்ளது. கிழக்கே நடுச்சைபீரிய மேட்டுநிலம் உயர்ந்துள்ளது. எனவே 'மேல்கரை' எனப்படுவது உண்மையில் தாழ்ந்த கரையாக இருக்கும். இத்தகைய இடங்களில் இடக்கரை, வலக்கரை என்ற சொற்களையே கொள்வதும், முதல் வழக்கில் மேற்குக்கரை, கிழக்குக்கரை என விளக்குவதும் தக்கது. யாக்கூத்ஸ்க் முதலில் லேனாவின் வலக்கரையில் நிறுவப்பட்டு, பத்தாண்டு அளவில் இடக்கரைக்கு மாற்றப்பட்டது. அந்நகர் கிழக்கிலிருந்து மேற்கே பெயர்ந்தது என்பதை இவ்விளக்கம் உடனே உணர்த்தும்.

8. ஆற்றங்கரை மக்களின் மொழிகள்

ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்டு இடஞ்சுட்டும் முறை உருசியரால் அங்குப் புகுத்தப்பட்டதன்று. யெனிசெய்க் கரையில் வாழும் கெத் மக்களின் மொழியில் ஆற்றோட்டத்திற்கு எதிராக, ஓட்டத்தோடு, ஆற்றிலிருந்து காட்டை நோக்கி, காட்டிலிருந்து ஆற்றை நோக்கி எனப் பொருள்படும் தனித்தனி இடச்சொற்கள் உள்ளன. அவர்தம் தொன்மங்களில் தெற்கு என்பது ஆற்றின் மேற்புறம். வேனிலில் பறவைகளை அனுப்பும் தோமம் என்னும் தாய் அங்கு வாழ்கிறாள். வடக்கு என்பது ஆற்றின் கீழ்ப்புறம். கேடு விளைக்கும் ஹோசெதாம் அங்கு வாழ்கிறாள். இத்தொன்மத்தைப் பெயர்ப்போர் தெற்கு, வடக்கு என்று மட்டும் எழுதினால் ஆறு மறைந்துவிடும். மேல், கீழ் என்று மட்டும் எழுதினால் விண்ணும் பாதாளமும் எனத் தமிழர் கொள்வர்.

கெத் மொழி இன்று முதியோர் சிலரிடமே எஞ்சியுள்ளது. அதற்கு உறவான கோத் மொழி 19ஆம் நூற்றாண்டிலேயே மறைந்தது. அதனை அதன் இறுதிக் காலத்தில் பதிவு செய்தவர் பின்லாந்து மொழியறிஞர் காஸ்த்ரேன். அவர் எழுதிய இலக்கணம் அவர் மறைவுக்குப் பின் 1858இல் வெளிவந்தது. எனினும் இம்மொழிகளில் ஆற்றைக் குறிக்கும் சொற்கள் ஆற்றுப்பெயர்களின் ஈறுகளாக வாழ்கின்றன. கெத் மொழியின் 'சேஸ்', கோத் மொழியின் 'ஷெத்' ஆகியவை அத்தகையன. தோம்ஸ்க் நகரில் பணியாற்றிய துல்சோன் (1900-1973) இவ்வீறுகளைத் தொகுத்து, இக்குடும்ப மொழிகள் முன்னர்ப் பரவியிருந்த எல்லையை ஆராய்ந்தார். ஆகவே ஆற்றுப்பெயரின் அடிச்சொல் வெறும் ஒலியன்று, சான்றாவணம். அதனைத் தமிழ் ஒலிக்கேற்பத் திருத்தி ஈறு கெடுத்தல் கூடாது.

9. தமிழிலுள்ள தீர்வு

இவ்வாறு நோக்கும்போது சைபீரிய ஆற்றுப்பெயரில் இரண்டு அடுக்குகளைக் காணலாம். அடிச்சொல் பெரும்பாலும் பழங்குடி மக்களின் மொழியைச் சார்ந்தது. அதனை ஒலிபெயர்த்தல் வேண்டும். அடைமொழி உருசியச் சொல். அது பொருளுடையது ஆதலின் பெயர்க்கப்படுதலோ, முதல் வழக்கிலேனும் விளக்கப்படுதலோ வேண்டும்.

அடைமொழியைப் பெயர்க்கத் தமிழில் மேல், கீழ் என்பவற்றைத் தவிர வேறொரு சொல்லிணை உண்டு. அது தலை, கடை என்பதாகும். தலைக்காவிரி, தலைமடை, கடைமடை ஆகிய சொற்களில் இவ்விணை வழங்குகிறது. வாய்க்கால் எத்திசையில் ஓடினும் நீர் புகும் இடம் தலைமடை. நீர் முடியும் இடம் கடைமடை. திசைப்பொருள் இச்சொற்களில் ஏறவில்லை. உழவர் வழக்கிலுள்ள இவ்விணையை ஆற்றுக்கும் நீட்டி, 'லேனாவின் தலைப்பகுதியில் பனி முதலில் உடைகிறது. கடைப்பகுதி உறைந்தே இருக்கிறது' என எழுதினால் எவ்வகை மயக்கமும் இல்லை. நீழ்னியா துங்குஸ்காவைக் 'கடைத் துங்குஸ்கா' என விளக்கினால், யெனிசெய்யில் இறுதியாகக் கலப்பது என்ற பொருளும் இயல்பாக அமைகிறது. கடை என்பதற்கு இழிந்தது என்ற பொருளும் உண்டு என மறுப்பு எழலாம். ஆற்றை நோக்கிய சூழலில் அப்பொருள் தோன்றுவதில்லை என்பதற்குக் கடைமடை என்னும் சொல்லே சான்று.

வினைகளுக்கும் இவ்வாறே வழியுண்டு. மேலே சென்றான், கீழே சென்றான் என்பவற்றுக்கு மாற்றாக எதிரேறினான், ஓட்டத்தோடு இறங்கினான் எனலாம்.

வோலொக் என்னும் சொல் இழுத்தல் என்ற வினையடியாகப் பிறந்தது. அதுகொண்டு 'படகிழுக்கும் வழி' எனப் பெயர்த்தல் சைபீரியச் சூழலுக்குப் பொருந்தாது. அங்குப் பல இடங்களில் சரக்கு மட்டுமே குதிரையிலும் சறுக்குவண்டியிலும் கடத்தப்பட்டது. மறுகரையில் வேறு படகு கொண்டனர். சொல்லின் பிறப்பு இழுத்தலைச் சுட்டினும் வழக்குப்பொருள் ஆறுகளுக்கு இடைப்பட்ட வழி என்பதே. 'ஆற்றிடைவழி' என்னும் தொடர் அதற்குப் பொருந்தும். ஊர்ப்பெயர்களின் முன்னொட்டாகிய 'ஊஸ்த்' ஆறு கடலில் சேரும் இடத்தையும் பிற ஆற்றில் சேரும் இடத்தையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் முன்னதற்கு முகத்துவாரம் என்றும் பின்னதற்குக் கூடல் என்றும் இரு சொற்கள் இருப்பதால் இடமறிந்து ஒன்றைத் தெரிதல் வேண்டும். ஊஸ்த்-கூத் என்பது கூத்தாக் கூடலே, முகத்துவாரம் அன்று.

10. முடிவுரை

சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து உருசிய நூல்கள் பல தமிழில் நேரடியாக வெளிவந்தன. இன்று இத்துறை நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வருகின்றன. இடைமொழி ஒன்று புகும்போது, அடைமொழி ஓர் ஆற்றின் பகுதியைக் குறிக்கிறதா, பல ஆறுகளில் ஒன்றைக் குறிக்கிறதா என்ற வேறுபாடு மேலும் மங்குகிறது. எனவே ஆறும் வழியும் வரும் பகுதியைப் பெயர்க்கும் முன்னர், அவ்வாறு எத்திசையில் ஓடுகிறது, அடைமொழி எந்த ஆற்றை நோக்கியது, பயணம் எந்தப் பருவத்தில் நிகழ்ந்தது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டுகொள்ளுதல் இன்றியமையாதது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே இத்தகைய பகுதிகளைப் பெயர்த்தல் வேண்டும்.

மேல், கீழ் என்பன பொதுச்சொற்கள் எனத் தோன்றினும் அவற்றுள் கிழக்கே கடலுடைய ஒரு நிலத்தின் வடிவம் பதிந்துள்ளது. வடக்கே கடலுடைய நிலத்தைப் பற்றிப் பேசும்போது அவ்வடிவத்தைக் கழற்றி வைக்க வேண்டியுள்ளது. அதற்கான சொற்களைக் காவிரிப் படுகையின் உழவர் முன்னரே வகுத்து வைத்துள்ளனர்.